ஓர் இலையும் ஒரு செடியும்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில், கோமதியம்மையின் ஆடித்தபசு விழாவால் பெயர் பெற்ற ஊராகும். அவ்வூரின் பூச்சந்தையும் புகழுடையது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் விளையும் மல்லிகையும் பிச்சியும் அங்கு வந்து குவிகின்றன. அப்பூக்களை விளைவிக்கும் உழவர், மல்லிகைக்கு விதை தேடி அலைவதில்லை. முற்றிய கொடியில் ஒரு துண்டை நறுக்கி ஈரமண்ணில் ஊன்றுவர். அல்லது கொடியை வளைத்து மண்ணுள் பதித்து, அது வேர்விட்டபின் தாயினின்று வெட்டி எடுப்பர். முன்னதைப் போத்து நடுதல் என்றும், பின்னதைப் பதியன் போடுதல் என்றும் வழங்குவர்.

தண்டில் கணு உண்டு. கணுவில் மொட்டு உண்டு. ஆதலின் தண்டு தளிர்ப்பது பெருவியப்பன்று. ஆனால், தாய்ச்செடியை விட்டு நீங்கிய ஓர் இலை, தானே ஒரு செடியாக வளர இயலுமோ? இயலும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ரணகள்ளியின் தடித்த இலையைச் சிறுவர் பலரும் அறிவர். ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று அதற்கு ஒரு செல்லப்பெயர் இட்டு, நூலில் கட்டித் தொங்கவிடுவர். புத்தகத்தின் இடையில் வைத்தும் பார்ப்பர். சின்னாளில் அவ்விலை விளிம்பின் பள்ளந்தோறும் சிறுசிறு செடிகள், இலையும் வேருமாக வெளிப்படும்.

இவ்வாறே இலையினால் பெருகவல்ல மற்றொரு செடி உண்டு. அது நம் நாட்டதன்று. ஆயினும் உலகெங்கும் வீடுகளில் விரும்பி வளர்க்கப்படுவது. ஈயையும் எறும்பையும் பிடித்து உண்ணும் அச்செடிக்கு வீனஸ் ஈப்பொறி என்பது பெயர்.

செடியின் இயல்பு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கீழைக்கரையில் வட கரோலினா, தென் கரோலினா என இரு மாநிலங்கள் உள. அவற்றின் கடலோரச் சதுப்பு நிலங்களே வீனஸ் ஈப்பொறியின் தாயகம். உலகில் வேறெங்கும் அஃது இயல்பாகத் தோன்றவில்லை. 1759ஆம் ஆண்டில் வட கரோலினாவின் ஆளுநராயிருந்த ஆர்தர் டாப்ஸ் என்பார், இச்செடியைப் பற்றி இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதினார். 1768இல் ஜான் எல்லிஸ் என்னும் அறிஞர் இதற்கு ‘டயோனியா’ என அறிவியற்பெயர் சூட்டினார். சார்லஸ் டார்வின் இச்செடியைப் பல காலம் ஆராய்ந்து, 1875இல் தாம் வெளியிட்ட பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிய நூலில் இதன் திறத்தை வியந்து போற்றினார்.

செடி பூச்சியை உண்பானேன்? அது வளரும் மண் வளமற்றது. எப்போதும் ஈரமுடையது, புளிப்புத் தன்மை வாய்ந்தது, பயிருக்கு இன்றியமையாத நைட்ரஜன் அங்கு மிகக் குறைவு. மற்றச் செடிகள் வேரினால் பெறும் அச்சத்தை இச்செடி இலையினால் பெறுகின்றது. எனினும் பசுமையான இலையும் இதற்கு உண்டு; ஞாயிற்றின் ஒளியால் தனக்கு வேண்டும் மாவுப்பொருளைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆகவே பூச்சி இதற்குச் சோறு அன்று. சோற்றோடு கொள்ளும் சத்துப்பொருள் எனலாம்.

இதன் இலை இருபகுதியாய் அமைந்தது. அடிப்பகுதி அகன்ற காம்பு போன்றது, நுனிப்பகுதியே பொறி. பொறியானது திறந்த சிப்பியைப் போல இரு மடல்களை உடையது. மடல்களின் விளிம்பில் பற்கள் போன்ற முட்கள் வரிசையாய் நிற்கும். ஒவ்வொரு மடலின் உட்புறத்திலும் பெரும்பாலும் மூன்று மெல்லிய மயிர்கள் இருக்கும். அம்மயிரை ஒருமுறை தொட்டால் பொறி மூடுவதில்லை. ஏறத்தாழ இருபது நொடிக்குள் மறுமுறையும் தொட்டால், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மூடிக்கொள்ளும். வீழ்ந்தது மழைத்துளியோ, பறந்து வந்த துரும்போ ஆயின், பெரும்பாலும் மறுமுறை தீண்டாது. உயிருள்ள பூச்சியோ துடித்து மீண்டும் தீண்டும். இரண்டையும் வேறு பிரித்தறியச் செடி கொண்ட சூழ்ச்சி இஃது. அகப்பட்ட பூச்சி மேலும் மேலும் மயிரைத் தீண்டவே, பொறி இறுகி, செரிமான நீரைச் சுரந்து, ஒரு வாரம் பத்து நாளில் அதன் சத்தை உறிஞ்சி, மீண்டும் திறக்கும்.

புல்லையும் மரத்தையும் தொட்டுணர்வு ஒன்றே உடைய ஓரறிவுயிர் எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. அத்தொட்டுணர்வு இச்செடியில் கண்கூடாக விளங்குகிறது. தீண்டிய அளவில் இதன் இலையில் மின்னோட்டம் எழுவதை 1873இல் பர்டன் சாண்டர்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர் அளந்து காட்டினார். பின்னர், நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ், தொட்டாற்சுருங்கி முதலிய செடிகளின் உணர்ச்சியை நுண்கருவிகளால் ஆராய்ந்து உலகப்புகழ் பெற்றார்.

ஒன்றைப் பலவாக்கும் வழி

சங்கரன்கோவிலில் ஒரு மாணவி, நாற்றுப்பண்ணை ஒன்றில் வாங்கிய வீனஸ் ஈப்பொறிச் செடி ஒன்றை வளர்த்து வருகிறாள் எனக் கொள்வோம். அவள் உயிர்த்தோழி தனக்கும் அச்செடி வேண்டும் என்கிறாள். இருப்பதோ ஒன்று. கொடுத்தால் தனக்கு இல்லை. கொடாவிடில் தோழிக்கு வருத்தம். இவ்விடர் தீர்ப்பது இலையே.

அவள் முதலில் நீரை ஆயத்தம் செய்தல் வேண்டும். நம் ஊர்க் கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உப்பு கரைந்திருக்கும். மல்லிகை அதனைப் பொறுக்கும். சதுப்பில் பிறந்த இச்செடி பொறாது. உப்பு மெல்ல மெல்லத் தொட்டியில் தேங்கி, வேரைக் கெடுத்துவிடும். ஆதலின் ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழைநீரைத் தூய கலத்தில் பிடித்து மூடிவைத்தல் நலம். முதல் மழையில் கூரைத் தூசு கலக்குமாதலின் அதனை விடுத்து, அடுத்து வருவதைப் பிடித்தல் வேண்டும். மழைநீர் இல்லையேல் காய்ச்சி வடித்த நீர் உதவும்.

அடுத்தது மண். கரிசலும் செம்மண்ணும் குளத்து வண்டலும் இங்கு உதவா. எரு, சாம்பல், பிண்ணாக்கு ஆகியவை இச்செடிக்கு நஞ்சாகும். சதுப்பு நிலத்தில் பாசி மட்கி உண்டாகும் பீட் என்பதனையும், சுண்ணாம்புக் கலப்பற்ற, நன்கு கழுவிய வெண்மணலையும் சமபங்காகக் கலந்து பயன்படுத்துவர். தென்னை நார்க்கழிவில் உப்பு மிகுதி. பன்முறை கழுவினாலன்றி அதனைச் சேர்த்தல் ஆகாது. மண்சட்டியும் ஏற்றதன்று; அதன் சுவரில் உள்ள உப்பு நீரில் கசியக்கூடும். அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் குவளையே போதும்.

காலமும் கருதத்தக்கது. செடி புதுத்தளிர் விடத் தொடங்கும் பருவமே ஏற்றது. நம் நாட்டில் வெயில் முதிர்வதற்கு முன், தை மாசித் திங்களில் செய்வது நன்று.

இனிச் செயலைக் காண்போம். மாணவி தன் செடியை மெல்லத் தொட்டியினின்று எடுத்து, வேரிலுள்ள மண்ணை மழைநீரில் அலசுகிறாள். திண்ணையில் அமர்ந்திருந்த ஆச்சி அதனைக் கண்டு திடுக்கிடுகிறார்.

“ஒற்றைச் செடியைப் போய்ப் பிடுங்கிவிட்டாயே, கண்ணு! இனி அது பிழைக்குமா?”

“பிழைக்கும் ஆச்சி. இலையின் அடியைப் பார்த்து எடுக்கத்தான் செடியை வெளியே எடுத்தேன். மறுபடியும் நட்டுவிடுவேன்.”

“இலையைக் கிள்ளத்தானே போகிறாய்? அதற்குச் செடியை எடுப்பானேன்?”

ஆச்சியின் வினா பொருள் பொதிந்தது. இலையை மேலே கிள்ளினால் பெரும்பாலும் பயனில்லை. மண்ணுக்குள் இச்செடிக்குக் குறுகிய கிழங்கு போன்ற தண்டு ஒன்று உண்டு. ஒவ்வோர் இலையின் அடியும் தடித்து வெளுத்து, பூண்டின் பல்லைப் போல அத்தண்டைத் தழுவி நிற்கும். புதுச்செடியைத் தோற்றுவிக்கும் ஆற்றல் அவ்வெள்ளை அடியில்தான் மிகுந்துள்ளது. எனவே நோயற்ற, புறவரிசை இலை ஒன்றைத் தேர்ந்து, அதன் அடியைப் பற்றிக் கீழ்நோக்கி மெல்ல உரித்தல் வேண்டும். வெள்ளை அடி சிதையாமல் இலையோடு வருமாயின் வேலையில் பாதி முடிந்ததெனலாம். ஒரு சிறு வேர் ஒட்டிவரின் இன்னும் நன்று.

மாணவி இவ்வாறு மூன்று இலைகளை மட்டும் எடுக்கிறாள். மிகுதியாய் எடுப்பின் தாய்ச்செடி நலியும். பின்னர், தாய்ச்செடியை முன்போல் நட்டு நீர் வார்க்கிறாள். இலைகளின் நுனியிலுள்ள பொறிகளைக் கத்தரித்து நீக்குகிறாள். வேரற்ற இலைக்கு அவை வீண்சுமை. வெள்ளை அடி மண்ணுள் புதையுமாறு இலையைச் சாய்த்து ஊன்றி, மண்ணை இலேசாக அமுக்குகிறாள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடியொன்றைக் கவிழ்த்து, உள்ளே ஈரக்காற்று நிற்கச் செய்கிறாள். நேர்வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள பலகணி ஓரத்தில் குவளையை வைக்கிறாள். காற்றோட்டத்திற்காக அவ்வப்போது மூடியைச் சிறிது நேரம் திறந்து வைக்கிறாள். இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும்.

காத்திருத்தல்

கைவேலை அரைமணிப் பொழுதில் முடிந்தது. இனிச் செய்ய வேண்டுவது காத்திருத்தலே. அதுவே அரியது.

முதல் வாரத்தில் ஒன்றும் நிகழாது. இரண்டாம், மூன்றாம் வாரங்களிலும் பெரும்பாலும் ஒன்றும் தோன்றாது. இலையின் மேற்பகுதி பழுக்கத் தொடங்கும், கருகவும் கூடும். ‘செத்தது’ என்று எண்ணிப் பலர் அதனை எறிந்துவிடுவர். வேறு சிலர் வேர்விட்டதோ எனப் பிடுங்கிப் பார்ப்பர். அவ்வாறு பார்க்குங்கால், அப்போதுதான் அரும்பிய நுண்வேர் அறுந்துபோம். இலையின் மேற்பகுதி மடிந்தபோதும் அடி உயிரோடிருக்கலாம். அடி குழைந்து அழுகி நாறும் வரை நம்பிக்கை இழத்தல் ஆகாது.

மூன்று இலைகளுள் ஒன்று அழுகிவிடக்கூடும், அஃது இயல்பே. எஞ்சியவற்றின் அடியில், ஒன்று முதல் மூன்று திங்களுக்குள், கடுகளவான பச்சைப்புள்ளி ஒன்று தோன்றும். அப்புள்ளி நாளடைவில் ஓர் இலையாக விரியும். அதன் நுனியில் அரிசியினும் சிறிய பொறி ஒன்று வாய்திறக்கும். ஓரிலையின் அடியில் இரண்டு மூன்று செடிகள் தோன்றுவதும் உண்டு. முழுவளர்ச்சி பெறுவதற்கோ ஏறத்தாழ இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும்.

இதற்கிடையே மாணவி தாய்ச்செடியிடத்தும் ஒரு நெறியைக் கடைப்பிடித்தல் வேண்டும். பொறி மூடுவதைக் காணும் ஆசையால் குச்சியை நுழைத்து விளையாடுதல் கூடாது. ஒவ்வொரு பொறியும் ஒருசில முறையே மூடித் திறக்கும். பின் கருகி வீழும். இரையின்றி வீணே மூடச்செய்வது செடியின் வலிமையை விரயமாக்குவதாகும். இறைச்சித் துண்டு இடுதலும் தீது. அஃது அழுகிப் பொறியையும் கெடுக்கும்.

இலைக்குள் செடி இருந்தவாறு

வேரும் மொட்டும் இல்லாத இலை, இவையெல்லாம் உடைய செடியானது எங்ஙனம்? உயிர்ப்பொருள் யாவும் உயிரணுக்களால் ஆனவை. ஒரு செடி முழுவதையும் ஆக்குவதற்கு வேண்டிய குறிப்பு, அதன் உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் அடங்கியுள்ளது. இலையின் அணு இலைக்குரிய தொழிலைச் செய்து வந்தாலும், வேருக்கும் தண்டுக்கும் உரிய குறிப்பை இழப்பதில்லை. தாயினின்று பிரிந்து தனித்தபோது, அடியிலுள்ள இளைய அணுக்கள் மீண்டும் பிளவுற்றுப் பெருகி, வேரையும் தளிரையும் தோற்றுவிக்கின்றன.

தனித்ததோர் அணுவினின்றும் முழுச்செடியை ஆக்கலாம் என்னும் கருத்தை ஹேபர்லாண்ட் என்னும் அறிஞர் 1902இல் வெளியிட்டார். அவர் முயற்சி அப்போது கைகூடவில்லை. 1958இல் ஸ்டூவர்ட் என்பார், காரட்டுக் கிழங்கின் அணுக்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துச் செடியாக்கிக் காட்டினார். 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹா, மகேஸ்வரி என்னும் இருவர், ஊமத்தையின் மகரந்தப் பையினின்றும் இளஞ்செடிகளைப் பெற்று உலக அறிஞரை வியக்கச் செய்தனர். வேலியோரத்து ஊமத்தை அறிவியல் வரலாற்றில் இடம்பெற்றது இவ்வாறே.

இம்முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. விதையில் முளைத்த செடி பெற்றோரினின்று வேறுபடலாம். இலையில் பிறந்த செடியோ, பெரும்பாலும் தாயின் இயல்பை அப்படியே கொண்டிருக்கும். முழுதும் செந்நிறமான ஈப்பொறி வகையின் இலையை ஊன்றினால், பிறப்பதும் செந்நிறச் செடியே.

தட்பவெப்பமும் ஓர் இடர்

இச்செடியை நம் ஊரில் வளர்ப்போர் ஓர் உண்மையை மறவாதிருத்தல் வேண்டும். இதன் தாயகத்தில் கடுங்குளிர்ப் பருவம் உண்டு. அப்போது மூன்று நான்கு திங்கள் செடி இலை குறைந்து உறங்கும்; இளவேனிலில் மீண்டும் விழிக்கும். இவ்வுறக்கம் பெறாத செடி, ஆண்டுகள் செல்லச் செல்ல மெலிந்து மடியக்கூடும். சங்கரன்கோவிலின் மார்கழிக் குளிர் இதற்குப் போதாது. கொடைக்கானல், உதகமண்டலம் போன்ற மலையூர்களின் தட்பம் இதற்கு ஏற்றது. வெப்ப நாடுகளில் வளர்ப்போர் சிலர், செடியை ஈரப்பாசியில் பொதிந்து குளிர்பதனப் பெட்டியில் சில திங்கள் வைத்து இவ்வுறக்கத்தைத் தருகின்றனர்.

எனவே, முதன்முதலில் இலைப்பெருக்கம் பயில விரும்புவோர் ரணகள்ளியைக் கொண்டு தொடங்குதல் நலம். அஃது உப்பு நீரையும் வெயிலையும் தாங்கும்; தவறு செய்யினும் பொறுத்துக்கொள்ளும். அதில் தேர்ந்தபின் அரிய செடியைக் கைக்கொள்ளலாம்.

பிடுங்குவதும் பெருக்குவதும்

வீனஸ் ஈப்பொறியின் புகழே அதற்குப் பகையாயிற்று. அதன் தாயகமாகிய சதுப்பு நிலங்கள் பல வீட்டு மனைகளாகவும் சாலைகளாகவும் மாறின. எஞ்சிய இடங்களிலும் கள்வர் இரவில் புகுந்து, செடிகளைக் கிழங்கோடு அகழ்ந்து விற்றனர். இக்களவு மிகவே, வட கரோலினா மாநிலம் 2014இல் அதனைக் கடுந்தண்டனைக்குரிய பெருங்குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. அருகிவரும் உயிர்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையிலும் இச்செடி இடம்பெற்றுள்ளது.

இதனை அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்குதல் பொருந்தாது. பூச்சியுண்ணும் செடிகள் நம் நாட்டிலும் உள. மேகாலயத்துக் காசி, காரோ மலைகளில் கெண்டிச் செடி ஒன்று வளர்கிறது. இந்தியாவில் இயல்பாக வளரும் கெண்டிச் செடி இனம் அஃது ஒன்றே. அளவின்றிப் பறிக்கப்பட்டதாலும், காடு குறைந்ததாலும் அதுவும் அருகிப்போயிற்று. இந்நாள் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. தண்டுத் துண்டுகளாலும் ஆய்வுக்கூட வளர்ப்பாலும் அதனைப் பெருக்கி வருகின்றனர். தமிழ்நாட்டில் நீலகிரி, பழனி மலைகளின் ஈரப் புல்வெளிகளில் பனித்துளி போன்ற பசைத்துளி தாங்கிய சிறுபூண்டு ஒன்று உண்டு. அப்பசையில் ஒட்டிய பூச்சியை அஃது உண்ணும். சித்த மருத்துவ நூல்கள் அழுகண்ணி எனக் குறிப்பது இவ்வினமே என்பாரும் உளர். மலைச் சுற்றுலாச் செல்லும் மாணவர் அதனைக் குனிந்து காணலாம், வரைந்து கொள்ளலாம், பிடுங்கி வருதல் ஆகாது. தன் நிலத்தினின்று பெயர்த்த அச்செடி, ஊர் வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் வாடிவிடும். காட்டில் ஒன்று குறைவதன்றி, வீட்டில் ஒன்று கூடுவதில்லை.

பிடுங்குவோன் கையில் ஒரு செடி ஒன்றாகவே இருந்து, பின் இல்லையாகின்றது. பெருக்குவோன் கையில் அதுவே பலவாகின்றது. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு, இலையின் அடியை அறிந்த அறிவும், சில வாரங்கள் காத்திருக்கும் பொறுமையுமே ஆகும்.

சங்கரன்கோவில் மாணவியின் வீட்டிற்கு மீண்டும் செல்வோம். ஆடித்தபசுக்கு ஊர் திரண்டிருக்கும் நாள். தோழி அவள் வீட்டிற்கு வருகிறாள். மாணவி சிறு குவளை ஒன்றை அவள் கையில் கொடுக்கிறாள். அதில் மூன்று சிற்றிலைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் நுண்ணிய பொறி. பலகணி ஓரத்தில் தாய்ச்செடி குறைவின்றி நிற்கிறது. அதன் அருகே இன்னொரு குவளையில், மற்றோர் இலையின் அடியில் பச்சைப்புள்ளி ஒன்று அப்போதுதான் அரும்பியிருக்கிறது. ஆச்சி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதனைக் குனிந்து பார்க்கிறார்.

“இது யாருக்கு, கண்ணு?” என்கிறார்.

“கேட்பவர்க்கு, ஆச்சி” என்கிறாள் அவள்.